தனி வீடு, அக்கம்பக்கம் கிடையாது

பூட்டைத் திறந்ததும் அவர் நேராக ஜன்னலுக்குத்தான் போவார். வீடு பார்க்க வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கொக்கியைத் தட்டி, கதவுகளை விரியத் தள்ளி, ஓரடி பின்னால் நகர்ந்து, அந்த ஜன்னலைத் தானே பெற்று வளர்த்த மாதிரி கையை நீட்டுவார். "பாத்தீங்களா! காத்தோட்டம்!" வெளியே முழங்கை இடிக்கிற தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர் நிற்கும். அதில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருக்கும். "காத்தோட்டம்" என்று இன்னொரு தரம், கொஞ்சம் தாழ்ந்த குரலில், பல்லிக்கும் சேர்த்துச் சொல்லி வைப்பார்.

அதனால் அவருக்குப் பெயரே காத்தோட்டம் என்றாகிவிட்டது. வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கிற தரகர். எல்லோருடைய போனிலும் அவர் எண் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அவருக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. புது ஆள் அழைத்தால் அவரே, "நான்தாங்க, காத்தோட்டம் பேசுறேன்" என்பார்.

ஆள் ஒல்லி. சட்டையின் இடது பையில் எப்போதும் ஒரு பெரிய சாவிக்கொத்து கிடக்கும். அந்தக் கனத்தில் சட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்கும். அதைச் சரிக்கட்ட வலது தோளைத் தாழ்த்தி நடந்து பழகி, இப்போது சாவி இல்லாத நாளிலும் அப்படியேதான் நடக்கிறார். தெருநாய்கள் அந்தச் சாவிச் சத்தம் கேட்டால் தலையைக்கூடத் தூக்குவதில்லை.

எந்த வீட்டையும் அவர் குறை சொல்லிக் கேட்டவர் கிடையாது. வெளிச்சமே வராத அறை என்றால், "வெயில் காலத்துல குளுகுளுன்னு இருக்கும்." ரயில் பாதையை ஒட்டிய வீடு என்றால், "போக்குவரத்து வசதி." மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருந்தால், "தனியா உடற்பயிற்சிக்குப் போக வேண்டாம்." கூரையில் ஈரத் திட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் ஒழுகுமா என்று கேட்டபோது, "போன வருஷம் ஒரு சொட்டுக்கூட ஒழுகல" என்றார். போன வருடம் மழையே பெய்யவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே ஒரு வீடு இருக்கிறது. அதைக் காட்டும்போது, "எதிர் வீட்டுக்காரங்க தொந்தரவே இருக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடிவிடுவார்.

அவருடைய மனைவியிடம் கேட்டால் இன்னும் சொல்வார். "கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு முதல் தடவை வந்தப்ப, என்னைப் பாக்குறதுக்கு முன்னால ஜன்னலைத்தான் பாத்தாரு. எங்கப்பா பயந்துட்டாரு, திருட வந்தவனோன்னு."

இப்படிப்பட்டவர் பொய் சொல்கிறவர் என்று நினைத்தால் அது தப்பு. அவரிடம் ஒரு கறாரான கொள்கை உண்டு. "நான் அழகுபடுத்துவேன், ஆனா பொய் சொல்ல மாட்டேன். என் கால் படாத இடத்தைப் பத்தி என் வாய் பேசாது." உண்மையிலேயே அப்படித்தான். அடுப்படியில், குளியலறையில், மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சந்தில்கூட ஒரு தடவை போய் நின்றுவிட்டு வந்த பிறகுதான் அந்த வீட்டைப் பற்றி வாயைத் திறப்பார். தொழிலில் அவருக்கு இருந்த மரியாதை அந்த ஒன்றினால்தான். காத்தோட்டம் சொல்வதில் முக்கால்வாசியைத் தள்ளிவிடலாம்; ஆனால் அவர் போய்ப் பார்த்தேன் என்றால் போய்ப் பார்த்திருக்கிறார் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அந்தக் காலில்தான் அடிபட்டது. கட்டி முடிக்காத ஒரு வீட்டில், வந்தவர்களைப் பார்த்தபடியே பின்னால் நடந்துகொண்டு, "எவ்வளவு விசாலமான படிக்கட்டு பாருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த விசாலத்தில் விழுந்தார். கணுக்கால் வீங்கிவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டு, காலைத் தரையிலேயே வைக்கக் கூடாது என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டார்.

சும்மா இருக்க முடிகிற ஆளா அவர்? நாற்காலியில் உட்கார்ந்து, முக்காலியில் காலை நீட்டி, போனிலேயே தொழிலைத் தொடங்கினார். வீட்டுக்காரர்கள் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அவர் அதற்கு நாலு வரி எழுதிக் காலையில் தன் ஸ்டேட்டஸில் போடுவார். வெறுமனே காட்டுவதுதானே, வாயால் எதுவும் உறுதி கொடுக்கவில்லையே என்று கொள்கைக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டார். வந்த படங்களோ ஒன்றும் சொல்கிற மாதிரி இல்லை. ஒன்றில் பாதி கட்டைவிரல், ஒன்றில் அரை வாளி, ஒன்றில் எடுத்தவரின் கால்விரல்கள். அதிலிருந்தே ஒரு முழு வீட்டைக் கட்டி எழுப்பப் பழகிக்கொண்டார்.

அவருக்கு அப்போது அவசரமான வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ். எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் வாழ்நாள் முழுக்க மணிச் சத்தமும் முனகலும் கேட்டவர். இப்போது குடியிருக்கிற வீட்டில் மேல் மாடிக்காரர்கள் ஓயாமல் மேஜை நாற்காலிகளை இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். "எதுக்குத்தான் இழுக்கிறாங்கன்னு தெரியல. இழுத்த எடத்துல வெச்சாங்கன்னா அடுத்த நாள் இழுக்க வேண்டாமே?" என்பார். அந்த வீட்டையும் மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். வேறு இடம் கிடைக்காவிட்டால் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அங்க போனா என் பேரே பாத்துக்கோன்னு ஆயிடும். அக்கா அடுப்பைப் பாத்துக்கோ, அக்கா பிள்ளையைப் பாத்துக்கோ, அக்கா கதவைப் பாத்துக்கோ. ஒரு மாசத்துல நானே என்னை மறந்துடுவேன். எனக்கு ஒரே ஒரு அறை போதும். சத்தம் மட்டும் கூடாது."

காத்தோட்டம் காட்டிய எந்த வீடும் சிஸ்டருக்குப் பிடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்து வீட்டையும் பார்த்தார். "இறந்தவங்க சும்மாதான் இருக்காங்க. பாக்க வர்றவங்க விட மாட்டாங்களே" என்று சொல்லிவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் மச்சானிடமிருந்து அந்தப் படம் வந்தது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வானத்தைப் பற்றிய செய்தி என்றால் கடையில் ஆள் நிற்பதைக்கூட மறந்து படித்துக்கொண்டிருப்பான். "அத்தான், சூடா இப்பதான் வந்துச்சு. இடம் எப்படி இருக்கு?" என்று எழுதியிருந்தான்.

காத்தோட்டம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சாம்பல் நிறத் தரை. சின்னதும் பெரியதுமாகக் கற்கள். வானம் தெரியவில்லை, அதனாலென்ன, இவர்களில் எவன் ஒழுங்காகப் படம் எடுக்கிறான்? ஓரத்தில் பட்டையாக ஒரு நிழல் விழுந்திருந்தது. நடுவில் சதுரம், இரண்டு பக்கமும் சிறகு மாதிரி நீட்டம். 'ஒத்தை அறை வீடு. ரெண்டு பக்கமும் தாழ்வாரம் இறக்கியிருக்கான்' என்று அவருக்குப் பளிச்சென்று பிடிபட்டது. நிழலை வைத்தே வீட்டைச் சொல்லிவிட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மச்சானின் கூட்டாளி யாரோ இடத்தைக் காட்டச் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார். உடனே எழுதினார்:

'தனி வீடு வாடகைக்கு. அக்கம்பக்கம் கிடையாது. கெட்டியான தரை. நாள் முழுக்க இயற்கை வெளிச்சம். நல்ல காத்தோட்டம். உடனே குடியேறலாம்.'

போட்ட கொஞ்ச நேரத்தில் போன் கிணுகிணுக்க ஆரம்பித்தது. பேக்கரிக்காரர், "கல்லை யாரு பொறுக்குறது, நானா வீட்டுக்காரரா?" என்று கேட்டார். பள்ளிக்கூட பஸ் டிரைவர், "வண்டி திரும்புமா? திரும்பலேன்னா நான் பிள்ளைங்களை முக்குலயே எறக்கி விட்டுடுவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். தச்சு வேலைக்காரர் ஒருவர் மரமே இல்லையே என்று வருத்தப்பட்டார். ஒருவருக்குக்கூட இது என்ன இடம் என்று கேட்கத் தோன்றவில்லை. காத்தோட்டத்தின் ஸ்டேட்டஸில் வருகிற இடங்கள் எப்போதும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

சிஸ்டர் எழுதவில்லை. நேராகக் கூப்பிட்டுவிட்டார்.

"இந்த இடம் எங்க இருந்துச்சு இத்தனை நாளா? எனக்கு ஏன் காட்டல?"

"இன்னைக்குத்தான் வந்துச்சு சிஸ்டர்."

"படத்துல ஒரு துணிக்கயிறுகூட இல்ல. துணிக்கயிறு இல்லேன்னா பக்கத்து வீடு இல்ல. சரிதானே?"

"கரெக்டா பிடிச்சீங்க."

"யாரும் நடந்த தடமே இல்லையே?"

"வீட்டுக்காரர் வெளியூரு. வந்து போறதில்ல."

பிறகு சிஸ்டரின் குரல் இறங்கி வந்தது. "பாத்துக்கிட்டே இருக்கணும்போல இருக்கு. படத்தைப் பாக்கும்போதே காது ரெண்டும் காலியாயிடுச்சு. நான் தங்கச்சிகிட்ட வரலேன்னு சொல்லிடப்போறேன். ஆனா ஒண்ணு. நீங்க போய்ப் பாத்தீங்களா?"

காத்தோட்டம் முக்காலியில் நீட்டிக் கிடந்த தன் காலைப் பார்த்தார். கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. இத்தனை நாளில் ஒரு வீட்டையாவது பிடித்திருக்கிறது என்று சிஸ்டர் சொல்லி அவர் கேட்டதில்லை.

"பின்ன? கால் வெச்சுப் பாத்துட்டுத்தானே சொல்றேன்."

அடுப்படியிலிருந்து மனைவி தலையை நீட்டினார். சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்: "எந்தக் காலை?"

மச்சான் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்தான். ஸ்டேட்டஸைக் காலையிலேயே பார்த்திருந்தான். எவ்வளவு தூரம் போகிறது பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தவன், அக்கா வீட்டு வாசலைத் தாண்டும்போதே தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வந்தான்.

"வா மச்சான். சாவி யாருகிட்ட இருக்கு?"

"எந்தச் சாவி அத்தான்?"

"நீ அனுப்பின வீட்டுச் சாவிடா. சிஸ்டருக்குப் பிடிச்சுப் போச்சு."

"அத்தான், அது வீடு இல்ல."

"வெறும் மனையா? நிழல் விழுதே."

"மனையும் இல்ல."

"ஊருக்கு வெளியவா?"

"ரொம்ப வெளிய" என்று சொல்லி முடிப்பதற்குள் மச்சானுக்கு அடக்கி வைத்த சிரிப்பு வெடித்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தான். அக்கா கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னான். அது ஒரு சிறுகோள். பூமி மாதிரியே சூரியனைச் சுற்றிக்கொண்டு திரிகிற ஒரு பெரிய கல். ஒரு விண்கலம் ஆளில்லாமல் அதன் பக்கத்தில் போய், தொட்டுவிடுகிற மாதிரி இறங்கி எடுத்த படம் அது. அந்த நிழல் விண்கலத்தினுடையது.

"மனுஷன் கால் படாத எடம் அத்தான். இவ்வளவு கிட்டத்துல அதை இதுக்கு முன்னாடி ஒருத்தரும் பாத்ததில்ல. பாத்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. நீங்க அதை வாடகைக்கு விட்டுட்டீங்க!"

காத்தோட்டம் போனை எடுத்து, தான் எழுதிய நாலு வரியை மறுபடி படித்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"காத்து?"

"காத்தே கிடையாது அத்தான்."

மனைவி போனை வாங்கிப் பார்த்தார். "இதுக்கா அவ்வளவு தூரம் போனாங்க? இந்தக் கல்லு நம்ம வீட்டுப் பின்பக்கமே கொட்டிக் கிடக்குதே. கூப்பிட்டிருந்தா ஓசியிலயே படம் எடுக்க விட்டிருப்பேனே."

செய்தி தெருவைச் சுற்றி வர அதிக நேரம் ஆகவில்லை. பேக்கரிக்காரர், "அதானே பாத்தேன், ஒரு பிளாஸ்டிக் பைகூட கிடக்கலையே!" என்றார். பஸ் டிரைவர், அவ்வளவு தூரத்துக்கு டீசல் யார் போடுவார்கள் என்று கேட்டு எழுதினார். யாரோ ஒருவர் முன்பணம் எவ்வளவு என்று கேட்டு, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகளைப் போட்டிருந்தார். இதெல்லாம் காத்தோட்டத்தைப் பெரிதாகத் தொடவில்லை. கேலி அவருக்குப் பழக்கம்தான். சிஸ்டரிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"ரொம்ப ஈசி அத்தான்" என்றான் மச்சான். "எப்பவும் சொல்றதைச் சொல்லுங்க. அது நேத்தே முடிஞ்சிடுச்சு, வேற ஆள் எடுத்துக்கிட்டாங்கன்னு. அவங்க வேற தெரு, அவங்களுக்கு எப்படித் தெரியப் போகுது?"

தரகர்கள் எல்லோரும் சொல்கிற வசனம்தான். காத்தோட்டம் இரண்டு தரம் சொல்லியும் பார்த்தார். "முடிஞ்சிடுச்சு சிஸ்டர். முடிஞ்சிடுச்சு." நன்றாகத்தான் வந்தது. மச்சான் போன பிறகு அந்தப் படத்தை மறுபடி திறந்து, விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். கல்லுக்குப் பின்னால் கல். அடுக்கின மாதிரியும் இல்லை, கொட்டின மாதிரியும் இல்லை. எவனும் உதைத்துத் தள்ளியதில்லை, எவனும் எடுத்து எறிந்ததில்லை. எந்தக் காலத்திலோ வந்து விழுந்த இடத்தில் அப்படியே கிடக்கின்றன. இதை எப்படிச் சொல்லி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது என்று வழக்கம்போல யோசித்தார். ஒரு சொல்லும் வாய்க்கு வரவில்லை. அவர் தொழிலில் இப்படி ஆனது இதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் சிஸ்டரே வந்துவிட்டார். கையில் குடை, தண்ணீர் பாட்டில், கல் தரைக்கென்று புதிதாக வாங்கிய கான்வாஸ் ஷூ. வீடு பார்க்கத் தயாராகக் கிளம்பி வந்திருந்தார். காத்தோட்டம் வாயைத் திறந்தார். முடிஞ்சிடுச்சு என்ற சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் பார்வை அந்தப் புது ஷூவில் போய் விழுந்துவிட்டது.

"சிஸ்டர், உக்காருங்க. அது வீடு இல்ல." எல்லாவற்றையும் சொன்னார். விண்கலம், சிறுகோள், நிழல், மச்சான். எதையும் அழகுபடுத்தவில்லை. சொல்லி முடித்தபோது அவருக்கு வியர்த்துவிட்டது.

சிஸ்டர் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்தார்.

"ஒரு கல்லு உருண்டா சத்தம் கேக்குமா அங்க?"

"காத்து இல்லாம சத்தம் வராதாம் சிஸ்டர். மச்சான் சொன்னான்."

"ம்ம்" என்று ஒரு பெருமூச்சு விட்டார் சிஸ்டர். "குடுத்து வெச்ச கல்லு." போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு நோயாளி மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்ததைக் கண்டுபிடித்த நர்ஸின் குரலில் பேசினார். "கல்லு கிடக்கட்டும். கால் வெச்சுப் பாத்தேன்னு சொன்னீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

"பொய் சொல்லிட்டேன் சிஸ்டர்."

"தங்கச்சிகிட்ட நான் வரலேன்னு சொல்லியாச்சு. அவ அழுதா. இப்ப மறுபடி போன் பண்ணி என்னன்னு சொல்லுவேன்? ஆகாசத்துல வீடு பாத்தேன்னா?"

காத்தோட்டத்தின் மனைவி சிரித்துவிட்டு, உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இத்தனை வீடு காட்டினீங்க" என்றார் சிஸ்டர் எழுந்துகொண்டே. "ஒரு வீட்டையாவது 'இது உங்களுக்கு வேண்டாம்'னு சொன்னீங்களா? எல்லாத்துக்கும் நல்லாயிருக்குன்னா, எதை நம்பி நான் உள்ள நுழையறது?"

கட்டை அவிழ்க்க டாக்டர் சொன்ன நாள் இன்னும் வரவில்லை. ஆனாலும் அன்று மத்தியானமே காத்தோட்டம் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். சிஸ்டர் குடையோடு பின்னால் நடந்தார். முதல் வீட்டில் பூட்டைத் திறந்து, பழக்க தோஷத்தில் ஜன்னலை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றுவிட்டார். தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். மேலே எங்கோ தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் சிஸ்டர்."

கூட வந்திருந்த வீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யோவ், நீ எனக்குத் தரகனா, இல்ல இந்த அம்மாவுக்கா? வாடகைக்கு விடச் சொன்னா விரட்டி விடுறியே!" என்று கையை நீட்டி அங்கேயே சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். காத்தோட்டம் கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். அடுத்த வீட்டிலும் அதே கதிதான். அங்கே பின்பக்கத்தில் ஒரு ஒர்க்ஷாப். அந்தச் சாவியும் போயிற்று. மாதக் கடைசிக்குள் இப்படி இன்னும் சில வீடுகள். சட்டை ஒரு பக்கமாகத் தொங்குவது குறைந்துகொண்டே வந்தது. மனைவி திட்டினார். சிஸ்டர் கூப்பிட்ட போதெல்லாம் அந்தக் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு வந்தார்.

சிஸ்டர் வேறு வழியில்லாமல் மறுபடி பேசியதில், தங்கை வண்டி அனுப்புவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள், ஒரு சந்தின் கோடியில் ஒற்றை அறை வீடு. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற அச்சகக்காரர், பேச்சில் காத்தோட்டத்துக்கே அண்ணன் மாதிரி. கதவைத் திறந்ததுமே, "வாங்க வாங்க, இந்தத் தரையைப் பாருங்க, அந்தக் காலத்துல நான் இதை எங்கிருந்து கொண்டுவந்தேன்னா..." என்று ஆரம்பித்தார். சிஸ்டர் வாசலிலேயே நின்றார். காத்தோட்டம் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். கட்டுப் போட்ட காலைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவருக்கு ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போனார். இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்துக் காதை வைத்து அழுத்தி, கண்ணை மூடினார். அச்சகக்காரர் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தொடங்கினார். காத்தோட்டம் கண்ணைத் திறக்கவில்லை. சுவரிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, விரலைத் தன் உதட்டில் வைத்தார்.